வாய்க்குள் எடுத்த அளவு

...அதெப்படி, மனுஷனுக்கே மாசத்துக்கு நாலு தடவை காய்ச்சல் வராதே, ஒரு லிப்டுக்கு எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டேதான் அவள் பொத்தானை அழுத்தினாள், லிப்ட் சமர்த்தாக வந்து நின்றது, கதவு சத்தமில்லாமல் விலகியது, உள்ளே விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, ஒரு முனகல் உண்டா, ஒரு உதறல் உண்டா, ஒன்றும் கிடையாது, இந்த லிப்டுக்குத்தான் சீக்கு என்று சொல்லிக்கொண்டு வாரத்துக்கு ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். லிப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில், சரி, இல்லை என்று யார் சொன்னது, ஊரில் எத்தனை கட்டிடம், எத்தனை லிப்ட், அதில் இந்த ஒன்பது மாடிக் கட்டிடம் மட்டும் அப்படி என்ன தவம் செய்தது... வந்ததற்குச் சாக்கு இருக்கிறது, பல் ஆடுகிறது, நாலாவது மாடியில் பல் டாக்டர் இருக்கிறார், யார் கேட்டாலும் பல் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை, ஆனால் பல்லுக்காக மட்டும் வருகிறவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற பல் டாக்டரை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி இங்கே வருவாளா. கீழே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவளைக் கண்ணாரப் பார்த்தாகிவிட்டது, அவளாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாளாய் மனசுக்குள் ஒரு உருவம் செய்து வைத்திருந்தாளே, உதட்டுச் சாயமும் நகப்பூச்சுமாய், வந்து பார்த்தால் அறுபது வயசு இருக்கும், தலை முழுக்க நரை, கால் வீங்கி செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறாள், "எந்த மாடிம்மா போகணும்" என்று கொட்டாவிக்கு நடுவில் கேட்கிறாள். ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம்தான், இவள் இல்லையென்றால் வேறொருத்தி, மாடிதான் ஒன்பது இருக்கிறதே.

பல் ஆடுவது நிஜம். இருபத்திரண்டு வருஷமாக அவள் டெய்லர், கடையில் மூன்று கத்தரி இருக்கிறது, இருந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள், தையல் முடிந்ததும் குனிந்து கீழ்ப் பல்லில் நூலை மாட்டி நறுக்கென்று ஒரு கடி, கை இரண்டும் துணியைப் பிடித்திருக்கும்போது கத்தரியைத் தேடுகிறவள் ஒரு டெய்லரா என்பது அவள் கட்சி. இன்று காலை ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை முடித்துவிட்டுக் கடித்தாள், நூல் அறவில்லை, பல் முன்னால் சாய்ந்துவிட்டுத் திரும்பி வந்தது, தளர்ந்துபோன சட்டைப் பொத்தான் மாதிரி, காலரில் ஒரு சிவப்புப் பொட்டு. ஊசிதான் குத்தியிருக்கும் என்று பத்து விரலையும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள், ஒன்றிலும் குத்து இல்லை, உடனே காஜா எடுக்கிற பெண்ணைக் கூப்பிட்டு அவள் விரலையும் வாங்கிப் பார்த்தாள், அந்தப் பெண்ணுக்குக் கடையில் கிளி என்று பேர், வாய் ஓயாது, "நான் இந்தத் துணியைத் தொடவே இல்லையேக்கா" என்று சொன்ன கிளி அவள் வாயையே பார்த்தது, எதையோ சொல்ல வந்தது, விழுங்கிக்கொண்டது. விழுங்கியதை அவள் பார்த்தாள். அவள் எதைத்தான் பார்க்கவில்லை, ஆறு மாசத்துக்கு முன்னால் இதே கிளி தன் மெஷினை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனது, வெளிச்சம் போதலையாம், தலைக்கு மேலேயே குழல் விளக்கு எரிகிறது, வெளிச்சம் போதலையாம்... ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது, புதுசாய்த் திறந்த தையல் கடை இருக்கிறது, அங்கே ஆள் எடுக்கிறார்கள், ரெண்டும் ரெண்டும் நாலு என்று சொல்லத் தெரியாதவளா அவள். வாடிக்கைக்காரர்களும் முன்னைப் போல இல்லை, அளவெடுக்க நிற்பதே இல்லை, "இதே அளவுதான்க்கா" என்று ஒரு பழைய சட்டையை மேஜையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறார்கள், நிற்கிற ஒன்றிரண்டு பேரும் கழுத்தளவு எடுக்கக் கிட்டே போனால் மோட்டுவளையைப் பார்க்கிறார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், மூச்சைப் பிடித்தால் மார்பளவு தப்பாக வரும் என்று எத்தனை தரம் சொல்வது, யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், டெய்லரம்மா அளவில் கோட்டை விடுகிறாள் என்று யாரோ ஊதிவிட்டிருக்கிறார்கள், யார் ஊதினது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, கூண்டில் இருந்துகொண்டே ஊதுகிற கிளி.

பல் டாக்டரின் கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள், பெயர், வயசு, தொழில், சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, வெற்றிலை புகையிலை உண்டா... கணவர் தொழில் என்று ஒரு கட்டம், எதற்கு, பல் என்னுடையது, கணவர் தொழில் எதற்கு, அதை அப்படியே வெறுமையாக விட்டாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணை ஒரு தரம் கண்ணாலேயே அளந்தாள், தோள் பதினாலு, இடுப்பு இருபத்தெட்டு, முப்பது வயசு, சீருடை ரெடிமேடு, கைக்குழி இழுக்கிறது, முகத்தில் ஒரு சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் இதே சிரிப்பா, லிப்ட் பார்க்க வருகிறவரைப் பார்த்தாலும் இதே சிரிப்பா... உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் முன்னெல்லாம் இப்படியா. சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எந்த மாடியில் எந்த முதலாளி நடுவில் மாட்டிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார் என்று நடித்தே காட்டுவார், அவளுக்குச் சோறு புரையேறும், இப்போது ஒன்றரை வருஷமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுகிறார், பேச வேண்டியதை நிலைப்படியில் நின்றே பேசுகிறார், வந்தவர் போகிறவர் மாதிரி, படுத்தால் முகம் சுவர்ப் பக்கம். ஒன்றரை வருஷமாக அவள் அந்த முதுகைத்தான் பார்க்கிறாள், அந்த முதுகின் அளவு அவளுக்கு மனப்பாடம். சட்டைப் பை, பேண்ட் பை, பையின் அடியில் இருக்கிற பை, எல்லாம் தேடியாகிவிட்டது, ஒரு தலைமுடி கிடைக்கவில்லை, ஒரு ரசீது கிடைக்கவில்லை, இவ்வளவு சுத்தமாக ஒருத்தன் இருந்தால் அதுவே சந்தேகம்தானே. போன மாசம் ஒரு நாள் பொட்டலத்தோடு வந்தார், தப்பு செய்கிற புருஷன்தான் திடீரென்று பொட்டலத்தோடு வருவான் என்று வெடுக்கென்று வாங்கினாள், பிரித்தால் பல் தேய்க்கிற பிரஷ், பூ மாதிரி மெத்தென்ற பிரஷ், உனக்குத்தான் என்கிறார், அதையும் நிலைப்படியில் நின்று. உலகத்தில் எவனாவது குற்ற மனசுக்குப் பல் பிரஷ் வாங்கிக் கொடுப்பானா, இல்லை அதுதான் சாமர்த்தியமா, யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு பிரஷை அட்டையிலிருந்து எடுக்காமலேயே அலமாரி மேலே போட்டாள். மகள் வேறு, காலேஜ் போகிறவள், அவள் பையில் புதினா மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது, சிகரெட் பிடிக்கிறாயா என்று பிடித்து உலுக்கினாள், மறுநாள் பார்த்தால் அதே பொட்டலம் தன்னுடைய கைப்பையில் இருக்கிறது, தடயத்தை அம்மா பையில் போட்டு மறைக்கிற அளவுக்குப் பெண் வளர்ந்துவிட்டாளா என்று அன்றைக்கு முழுக்க அழுகை.

கூப்பிட்டார்கள், உள்ளே போனாள், நாற்காலி பின்னால் சாய்ந்தது, டாக்டர் என்றால் யாரோ கண்ணாடி போட்ட பெரியவர் என்று நினைத்தால் ஒரு சின்னப் பெண், இருபத்தெட்டு இருக்கலாம், நல்ல உயரம், கோட்டுக்குத் தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறது, இவளா... வாயைத் திறங்கம்மா என்றாள், திறந்தாள், ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு எண் சொல்ல ஆரம்பித்தாள், பக்கத்தில் நர்ஸ் எழுதினாள், மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஆறு. அவளுக்குப் புரிந்துபோனது, இது அளவு, அவள் கழுத்து பதினாலரை தோள் பதினஞ்சு என்று சொல்லச் சொல்லக் கிளி நோட்டில் எழுதுமே, அதேதான், வாய்க்குள்ளே அளவு எடுக்கிறார்கள், இருபத்திரண்டு வருஷமாக ஊரை அளந்தவளை இன்றைக்கு ஒருத்தி படுக்கப்போட்டு அளக்கிறாள். அளவு எடுக்கிறவர்கள் பண்ணுகிற தில்லுமுல்லு அவளுக்குத் தெரியாதா, துணி அதிகம் வாங்க வேண்டுமென்றால் அரை அங்குலம் கூட்டிச் சொல்வது, அந்தக் கம்பியை இவள் கொஞ்சம் அழுத்தினால் மூணு ஆறாகாதா, யார் பார்த்தது... ஏழு என்றாள் டாக்டர், நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். ஏழு என்றால் என்ன டாக்டர் என்று கம்பியை எடுத்ததும் கேட்டாள். ஈறு பல்லை இறுக்கமாப் பிடிச்சிருக்கணும்மா, நடுவில மூணு மில்லிமீட்டர் வரைக்கும் பள்ளம் இருந்தா பரவாயில்ல, உங்களுக்கு ஏழு வரைக்கும் இறங்கியிருக்கு, அந்தப் பள்ளத்துக்குள்ள அழுக்கு சேர்ந்து காரையா கல்லு மாதிரி ஆயிருக்கு, அது ஈறைத் தின்னு, எலும்பைத் தின்னுக்கிட்டே போகுது, அதான் பல் ஆடுது. சொல்லிவிட்டு ஒரு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினாள், பல் வேரோடு நிற்கிறது, சுற்றி இருக்க வேண்டிய வெள்ளை எலும்பு பாதிக்குமேல் காணோம், இது யாருடைய படமோ, எல்லோருக்கும் இதே படத்தைத்தான் காட்டுகிறாளோ, ஆனால் மேலே இடது ஓரத்தில் அடைத்த பல் அவளுடையதுதான்.

வலிக்கவே இல்லையே டாக்டர், என்றாள், அது அவளுடைய துருப்புச் சீட்டு. வலிக்காதும்மா, அதுதான் இதோட திருட்டுத்தனம், வலிச்சா நீங்க அன்னைக்கே வந்திருப்பீங்களே என்றாள் அந்தப் பெண். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததா என்றாள். வந்தது, நாலைந்து வருஷமாக வருகிறது, வந்ததால்தான் அவள் கெட்டிக்காரத்தனமாக அந்த இடத்தைத் தொடாமல் விட்டாள், புண்ணை யாராவது தேய்ப்பார்களா, புண்ணைத் தேய்க்கக் கூடாது என்று பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியும்... அங்கதாம்மா தப்பு, ரத்தம் வந்தா அந்த இடத்துல அழுக்கு இருக்குன்னு அர்த்தம், அங்கதான் இன்னும் நல்லா தேய்க்கணும், மெத்துனு ஒரு பிரஷ் எடுத்து ஈறு ஓரமா சாய்ச்சு வெச்சு மெதுவா, காலையில ஒருதரம், படுக்கப் போகும்போது ஒருதரம், பல்லுக்கு நடுவில தினமும் நூல் விட்டு எடுக்கணும். நூலா என்றாள். நூல்தான், டெய்லர்னு எழுதியிருக்கீங்க, நூலைப் பல்லால கடிக்கறதை விட்டுட்டு நூலைப் பல்லுக்கு நடுவில விடுங்க, உங்களைவிட யாருக்கு நல்லா வரும் என்று சிரித்தாள், அவளுக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை நிறுத்திக்கொண்டாள், பேச்சில் கெட்டிக்காரி, இப்படித்தான் எல்லோரையும் மடக்குவாள். வாயில வாடை இருக்குன்னு வீட்டுல யாராவது சொன்னாங்களாம்மா, என்றாள் டாக்டர் அடுத்ததாக, ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, சாதாரணமாக, சர்க்கரை உண்டா என்று கேட்கிற மாதிரி. இல்லையே, யாரும் சொல்லலையே, என்றாள் அவள். அப்படியா என்று மட்டும் சொன்னாள் டாக்டர், சொன்னவளின் மூக்கும் வாயும் முகக்கவசத்துக்குள் இருந்தன, கண் மட்டும் தெரிந்தது, கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

இடது பக்கம்தான் அதிக இடத்துல பள்ளம், இன்னைக்கு முதல்ல அதை முடிச்சிடலாம் என்று மரத்துப்போக ஊசி போட்டார்கள், இடது கன்னம் யாரோ வேறொருத்தியுடையது போல ஆயிற்று, வாயின் ஓரத்தில் ஒரு குழாய் கொக்கி மாதிரி தொங்கி எச்சிலை உறிஞ்சியது, ஒரு கருவி ஈறுக்குள் போய்க் கரகரவென்று சுரண்டியது, வாயை அகலத் திறந்தபடி மூட வழியில்லாமல் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தாள், கழுத்தளவு கொடுக்கிற வாடிக்கைக்காரர்கள் மாதிரியே. டாக்டர் பேச்சுக் கொடுத்தாள், பயம் தெரியாமல் இருப்பதற்காக இருக்கும், நிறைய வீட்டுல சொல்ல மாட்டாங்கம்மா, பக்கத்துல படுக்கறவங்களே சொல்ல மாட்டாங்க, இங்க லிப்ட் பார்க்க ஒருத்தர் வருவார், பாவம், எங்க லிப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில நின்னு நின்னு அவர் உயிரை வாங்கும், நேத்து சாயங்காலம்கூட வந்து சரி பண்ணிட்டுப் போனார், போன மாசம் ஒருநாள் கதவோரமா வந்து நின்னுட்டு ரொம்ப நேரம் போகவே இல்ல, என்னங்க பல் வலியான்னு கேட்டேன், எனக்கில்ல டாக்டர், வீட்டுக்காரிக்குன்னார். அவள் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது, வலிக்குதாம்மா என்றாள் டாக்டர், இல்லை என்று தலையை ஆட்டினாள், ஆட்டாதீங்க என்றாள் டாக்டர். வாயில வாடை டாக்டர், ரத்தம் வருது, எனக்குத் தெரியுது, ஒரே ஒரு தடவை பல்லை ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாயேன்னு சொன்னேன், ஒன்பது நாள் என்கிட்ட பேசல, மறுபடி சொல்ற தைரியம் எனக்கு இல்லன்னார், இவ்வளவு பெரிய மனுஷன், அறுபது அடி பள்ளத்துல கம்பி புடிச்சுத் தொங்கறவர், பொண்டாட்டிகிட்ட சொல்லப் பயமாம். நல்ல மெத்துனு ஒரு பிரஷ் முதல்ல வாங்கிக் குடுங்கன்னு சொல்லி அனுப்பினேன் என்று டாக்டர் சிரித்தாள், நர்ஸும் சிரித்தாள், அவள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

ஒன்பது நாள், ஆமாம், ஒன்பது நாள்தான். பல்லைக் காட்டு என்றார், என் பல்லுக்கு இப்போ என்ன, என் மூஞ்சி இப்போ கசக்குதா, எவ பல்லைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்றீங்க என்று அவள் கேட்டாள், அவர் ஏதோ சொல்ல வந்தார், விழுங்கிக்கொண்டார், காலையில் கிளி விழுங்கியதே, அது மாதிரி... கிளி. கிளிக்குத் தெரியும், அதற்குத்தான் ஜன்னலோரம் போனது, எதிர்க் கடையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, காற்றுக்காகப் போயிருக்கிறது, கழுத்தைத் தூக்கி மூச்சைப் பிடித்தவர்களுக்கெல்லாம் தெரியும், பெற்ற பெண்ணுக்குத் தெரியும், அந்தப் புதினா மிட்டாய் தடயமும் இல்லை, ஒன்றும் இல்லை, வாயால் சொல்ல முடியாததை ஒரு பொட்டலமாய் அம்மா பையில் போட்டிருக்கிறாள், அதற்கு அவளைப் போட்டு உலுக்கியிருக்கிறேனே, சிகரெட் என்று சொன்னேனே... கடவுளே, எத்தனை பேருக்குத் தெரியும், ஊருக்கே தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியவில்லை, ஒன்றரை வருஷமாக ஊரையெல்லாம் மோப்பம் பிடித்தவளுக்குத் தன் வாய் தெரியவில்லை. இடது கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, மரத்துப்போன பக்கமாதலால் காதுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது, அவமானத்தைவிடக் கோபமாக இருந்தது, என்னிடம் சொல்லத் தைரியம் இல்லை, இந்தப் பெண்ணிடம் சொல்லத் தைரியம் இருக்கிறது, கதவோரம் நின்று என் வாயைப் பற்றி இவர் பேச, இவள் கேட்க, வெளியே அந்தச் சிரிப்புக்காரியும் கேட்டிருப்பாள், மூன்று பேரும் சேர்ந்து... சேர்ந்து என்ன, இதுவும் சந்தேகமா, சீ, இப்போதும் சந்தேகமா. சந்தோஷம் அல்லவா பட வேண்டும், யாரும் இல்லை, ஒன்பது மாடியில் ஒருத்தியும் இல்லை, லிப்டுக்கு நிஜமாகவே சீக்கு, வாடைதான் காரணம், வாடைக்குத்தான் சுவர்ப் பக்கம் திரும்பினார், அவ்வளவுதான், நிம்மதி வர வேண்டுமே, எங்கே அது, அரை மணி நேரமாகத் தேடுகிறாள், வரவில்லையே.

எத்தனை நாளா இருக்கும் டாக்டர் இது, என்று கருவியை வெளியே எடுத்துக் கொப்பளிக்கச் சொன்னபோது கேட்டாள், பாதி வாயால் கேட்டதில் வார்த்தை வழுக்கியது. இவ்வளவு எலும்பு இறங்கியிருக்குன்னா நாலைஞ்சு வருஷமாவது இருக்கும்மா, ஒரே நாள்ல வர்றதில்ல என்றாள் டாக்டர். துப்பினாள், சிவப்பாகப் போனது, அதோடு சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாய் ஏதோ, இத்தனை நாள் அவள் வாயில் குடியிருந்த கல். நாலைந்து வருஷம் என்றால்... சுவர்ப் பக்கம் திரும்பியது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்தானே, சுவருக்கு வெள்ளையடித்த மாசம், அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, புது வெள்ளையில் அவர் மூக்கு இடிக்கிற அளவுக்குத் திரும்பிப் படுத்தார், அப்படியானால் அதற்கு முந்தின மூன்று வருஷம். அப்போதும் இந்த வாய் இதே வாய்தானே, அப்போது இந்தப் பக்கம் திரும்பித்தான் படுத்தார், தட்டுக்கு எதிரே உட்கார்ந்து கதை சொன்னார், அவள் புரையேறச் சிரித்தாள், அந்தச் சிரிப்பெல்லாம் அவர் முகத்தில்தான் போய் அடித்தது. அப்படியென்றால் மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் தாங்கிக்கொண்டு, முடியாமல் போனபோது திரும்பினாரா, இல்லை, வாடை பாட்டுக்கு வாடை, திரும்பியதற்குக் காரணம் வேறா, வாடை பிறகு கிடைத்த சாக்கா... அவர் வேற என்ன கேட்டார் டாக்டர், அந்த லிப்ட்காரர், என்றாள், சும்மா கேட்கிற மாதிரி. டாக்டர் தட்டிலிருந்து பஞ்சை எடுத்தாள், சரியாயிட்டா பழையபடி ஆயிடுமான்னு கேட்டார்மா, ஈறு இறுகும், ரத்தம் நிக்கும், வாடை போயிடும், ஆனா இறங்கின எலும்பு இறங்கினதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்னு சொன்னேன், அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல, பையை எடுத்துட்டுப் போயிட்டார். பழையபடி என்று எதைக் கேட்டார், ஈறையா, ஈறைப் பற்றி அவருக்கு என்ன அக்கறை, ஈறைக் கேட்கிறவர் ஒன்றும் சொல்லாமல் போவாரா. நான்தாம்மா அந்த வீட்டுக்காரி என்று சொல்ல வாய் வரை வந்தது, டாக்டர் பஞ்சை உருட்டி இடது பக்கம் வைத்து, இறுக்கிக் கடிச்சுக்கங்க, அரை மணி நேரம் பேசாதீங்க என்றாள்.

வலப்பக்கம் பாக்கியிருக்கு, ஆடற பல் அந்தப் பக்கம்தான், ஒரு வாரத்துக்குள்ள வந்துடுங்க, தள்ளிப் போட்டீங்கன்னா அந்தப் பல் தாங்காது, ரெண்டு பக்கமும் முடிச்சிட்டா மூணு வாரத்துல வாடை சுத்தமா இருக்காது, வீட்டுல இருக்கறவங்களுக்கே தெரியும் என்று டாக்டர் வாசல் வரை வந்து சொன்னாள், நல்ல பெண், இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே. வரவேற்பில் அந்தச் சிரிப்புக்காரி காலண்டரைத் திருப்பினாள், வர்ற வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போடட்டுமாம்மா என்றாள். அவள் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள், இந்தப் பழக்கம் எப்போது வந்தது, இந்த ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. வியாழன், அதிலிருந்து மூன்று வாரம், விரல் விட்டு எண்ணிவிடலாம், மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி அவள் சுத்தமான வாயோடு படுப்பாள், பக்கத்தில் அவர் படுப்பார், இந்தப் பக்கம் திரும்பினால் சரி, திரும்பினால் அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவாள், அந்த ஒன்பது நாளுக்கும் மகளை உலுக்கியதற்கும் சேர்த்து அழுதுவிடுவாள், திரும்பவில்லை என்றால்... இத்தனை நாளும் அந்த முதுகுக்கு ஒருத்தி காரணம் என்று நினைத்தாள், அவளைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டால் தீரும் என்று இருந்தது, இப்போது வாடை காரணம் என்று ஆகிவிட்டது, கழுவினால் தீரும், கழுவியும் தீராமல் சுவர்ப் பக்கமே கிடந்தால் யாரைத் தேடுவது, எந்த மாடிக்குப் போவது, அப்புறம் அது வெறும் அவரும் அவளும்தானே, நடுவில் வேறொன்றும் இல்லையே. பையெல்லாம் தேடினாளே, தெரிந்துகொள்ளத்தானே தேடினாள், தெரிந்துகொள்ள இதோ ஒரு தேதியையே நீட்டுகிறார்கள், வாங்கக் கை ஏன் நீளவில்லை... வியாழக்கிழமை முடியாது, கல்யாணத் துணி நிறைய இருக்கு என்றாள் பஞ்சோடு, கல்யாணத் துணி ஒன்றும் இல்லை. அதுக்கடுத்த வாரம்? முடியாது. டாக்டர் ஒரு வாரம்னு எழுதியிருக்காங்களேம்மா, பல்லு போயிடும்னு சொன்னாங்களே என்று அந்தப் பெண் சிரிப்பை விட்டுவிட்டு நிஜமான கவலையோடு பார்த்தாள். போனால் போகட்டும், ஒரு பல்தானே, என்று நினைத்தவள் அப்படி நினைத்ததைக் கண்டு பயந்துபோனாள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, அடுத்த மாசக் கடைசியில் ஒரு தேதியை எழுதி அட்டையை நீட்டினாள், அவள் வாங்கிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிடைக்குமா என்று கேட்டாள்.